கரையில் நிற்பவர்தான் முதல் டாக்டர்

1/
போன மாதம் குடும்பத்தோடு கல்வராயன் மலைக்கு ஒரு நாள் போய் வந்தோம். கோமுகி அணை, கரியாலூர் ஏரி, படகு, கட்டுச்சோறு. போட்டோ எல்லாம் நல்லா வந்திருக்கு. ஆனா இந்தப் பதிவு போட்டோவுக்காக இல்லை.

அன்று மதியம் மூன்று மணிக்கு மேல் நடந்த பத்து நிமிடத்தைப் பற்றி உங்களிடம் சொல்லணும். கொஞ்சம் நீளம்தான். கடைசி வரை படிங்க. ஒருநாள் உங்களுக்குத் தேவைப்படலாம். தேவைப்படக் கூடாதுன்னுதான் வேண்டிக்கிறேன்.

2/
என் சித்தப்பா மகன் நெதர்லாந்தில் இருக்கான். நாலு வருஷம் கழிச்சு மனைவி, மகளோடு ஊருக்கு வந்தான். மகளுக்கு எட்டு வயசு. நமக்கு ஐரோப்பா வெளிநாடு. அந்தப் பிள்ளைக்கு நம்ம கள்ளக்குறிச்சிதான் வெளிநாடு. தெருவில் நிற்கும் மாடு முதல் டீக்கடை பாய்லர் வரை எல்லாமே அதிசயம்.

"ஊட்டி, கொடைக்கானல் வேண்டாம்ணா, ஒரே கூட்டம். நம்ம மலைக்கே போவோம்"னான் தம்பி. ஆடி மாசம், ஞாயிற்றுக்கிழமை. ஒரு வேன் பேசினோம். அம்மா புளிசாதமும் தயிர்சாதமும் கட்டினாங்க. பாய், தண்ணீர் கேன், துண்டு, பழைய பேப்பர். உங்க வீட்டு டூர் மாதிரியேதான்.

3/
கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வரைக்கும் கரும்பும் நெல்லும் மரவள்ளியும்தான் கூட வரும். அதைத் தாண்டினால் மலை எதிரே வந்து நிற்கும். அடிவாரத்தில் கோமுகி அணை. 1960களில் கட்டியது. முழு உயரம் 46 அடி. மலையில் பெய்யும் மழை ஓடைகளாக இறங்கி இங்கேதான் சேருது. அணையைத் தாண்டி ஓடும் கோமுகி ஆறு கடைசியில் வெள்ளாற்றில் கலக்கும்.

நாங்க போனப்ப பாதி அணைக்குத் தண்ணீர் இருந்தது. காற்றில் சின்னச் சின்ன அலை, பின்னால் நீல மலை. எல்லாரும் போனை எடுத்தோம். அந்தப் பிள்ளை மட்டும் என் கையைப் பிடிச்சு ஒரு கேள்வி கேட்டுச்சு.

"பெரியப்பா, இங்க யாரு பாத்துக்குறாங்க?"

"எதைம்மா?"

"தண்ணியில இருக்கறவங்கள."

4/
அந்தக் கேள்வி எனக்கு முதலில் புரியவே இல்லை. தம்பிதான் விளக்கினான்.

நெதர்லாந்தில் கால்வாசி நிலம் கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கு. வீட்டு வாசலிலேயே கால்வாய். அதனால் பிள்ளைகள் சின்ன வயசிலேயே நீச்சல் படிச்சு ஏ, பி, சி என்று சான்றிதழ் வாங்குகிறார்கள். முதல் சான்றிதழுக்கே போட்ட துணியோடும் செருப்போடும் தண்ணீரில் இறங்கணும், மிதக்கணும், நீந்தணும், தண்ணீருக்கு அடியில் ஒரு திரையில் இருக்கும் ஓட்டை வழியா நுழைந்து வரணும். ஏன் துணியோட? பிள்ளைகள் நீச்சல் உடை மாட்டிக்கிட்டா தவறி விழுறாங்க?

அவள் அந்த ஏ சான்றிதழ் வாங்கியவள். குளத்தைப் பார்த்தாலே, பார்த்துக்கிறவர் யார் என்று கண் தேடும். அப்படிப் பழகியிருக்காங்க.

"இங்க நாமதாம்மா பாத்துக்கணும்"னு சொல்லிட்டு வேன் ஏறிட்டேன். அந்தப் பதிலை நானே முழுசா நம்பலைன்னு சாயங்காலம்தான் தெரிஞ்சுது.

5/
அணை தாண்டினால் மலை ரோடு. வளைவுக்கு வளைவு காற்று குளிர்ந்துகொண்டே போகும். புளியமரம், கடுக்காய் மரம், சரிவில் சாமையும் மரவள்ளியும் போட்ட துண்டு நிலங்கள். இங்கே வாழ்பவர்களில் பெரும்பாலோர் மலையாளி என்கிற பழங்குடி மக்கள். பேரைப் பார்த்துக் கேரளம்னு நினைச்சுடாதீங்க. மலையில் வாழ்கிறவர்கள் என்று பொருள், பேசுவது தமிழ்.

நாட்டுக்குச் சுதந்திரம் வந்தது 1947ல். இந்த மலை ஜாகிர்தார்கள் கையிலிருந்து அரசாங்கத்தின் கைக்கு வந்ததோ 1976ல். ரோடும் ஆஸ்பத்திரியும் பள்ளிக்கூடமும் அதுக்கு அப்புறம் மெதுவா ஏறி வந்தவைதான். கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆனது 2019ல், அரசு மருத்துவக் கல்லூரி திறந்தது 2022ல். இப்ப நிலைமை எவ்வளவோ பரவாயில்லை. ஆனா வளைவுகள் அப்படியேதான் இருக்கு. நமக்கு வேடிக்கை காட்டும் அதே ரோட்டில்தான் பிரசவ வலியும் பாம்புக்கடியும் கீழே இறங்கணும். இந்த தூரத்தை மனசில் வெச்சுக்கங்க. பிறகு வருகிறேன்.

6/
கரியாலூர் ஏரி சின்ன ஏரிதான். சுற்றி மரங்கள், நடுவில் படகு. மிதவைச் சட்டை மாட்டிக்கொண்டு ஏறினோம். பிள்ளை தன்னோட பட்டையை ரெண்டு தடவை இழுத்துப் பார்த்துக்கிட்டா, அப்புறம் என்னுடையதையும். அம்மா தண்ணீரில் கையை விட்டுக்கொண்டே பழைய கதை ஒன்று சொன்னார். கரையில் பாயை விரித்துச் சாப்பிட்டோம். மணி ரெண்டரை.

அன்றைக்கு எல்லாம் நல்லா இருந்தது. அதுதான் இந்த விஷயத்தில் பயமே. நல்லா இருக்கும் நாளில்தான் இது நடக்கும்.

7/
திரும்பும் வழியில் ரோட்டோரம் ஓர் ஓடை. பாறைகளுக்கு நடுவே தேங்கிக் குட்டை மாதிரி நின்றது. பெயர்ப் பலகை கிடையாது, சுற்றுலாத் தலமும் கிடையாது. இன்னொரு வேனில் வந்த குடும்பம் குளித்துக்கொண்டிருந்தது. நாங்களும் கால் நனைக்க இறங்கினோம்.

பையன்கள் நாலைந்து பேர், பதிமூணு, பதினாலு வயசு இருக்கும். பாறையிலிருந்து குதிக்கிறதும் கத்துறதுமா ஒரே கும்மாளம். நான் கரையில் உட்கார்ந்து அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன். இதை அழுத்திச் சொல்றேன், பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

8/
"பெரியப்பா, அந்த அண்ணா மட்டும் ஏன் கத்தல?"

கூட்டத்திலிருந்து பத்தடி தள்ளி ஒரு பையன். தலை பின்னால் சாய்ந்திருக்கு. வாய் தண்ணீர் மட்டத்துக்கு வருது, உள்ளே போகுது, மறுபடி வருது. ரெண்டு கையும் பக்கவாட்டில் தண்ணீரை அமுக்குது. கண் திறந்திருக்கு, ஆனா எதையும் பார்க்கலை.

நானும் அவனைப் பார்த்தேன். அவள் கேட்பதற்கு முன்பே. விளையாடுறான்னு நினைச்சேன். எம்.பி.பி.எஸ். படித்தவன், மூழ்கியவர்களுக்கு வைத்தியம் பார்த்தவன், எதிரே ஒருவன் மூழ்குவதைப் பார்த்துவிட்டு விளையாடுறான்னு நினைச்சேன். எட்டு வயசுப் பிள்ளைக்குத் தெரிந்தது எனக்குத் தெரியலை.

9/
ஏன் தெரியலை? சினிமாதான் காரணம். மூழ்குகிறவர் "காப்பாத்துங்க"ன்னு கத்துவார், கையை ஆட்டுவார், தண்ணீர் தெறிக்கும்னு நம்ம மனசில் பதிஞ்சிருக்கு.

உண்மையில் மூழ்குவது பெரும்பாலும் சத்தமே இல்லாமல்தான் நடக்கும். கத்துவதற்கு மூச்சு வேணும். வாய் மேலே வரும் அந்த நொடியில் மூச்சை இழுக்கவே நேரம் போதாது. கையைத் தூக்கி ஆட்டவும் முடியாது, உடம்பு தானாகவே தண்ணீரை அமுக்கி மேலே வரத்தான் பார்க்கும். இந்தப் போராட்டம் அதிகம் போனால் ஒரு நிமிடம். சின்னப் பிள்ளை என்றால் இன்னும் சீக்கிரம். அப்புறம் உள்ளே போயிடும்.

ஆகவே நண்பர்களே, தண்ணீரில் இருக்கும் பிள்ளை சத்தம் போட்டால் பயப்படாதீங்க. சத்தம் நின்றால் பயப்படுங்க.

10/
நான் எழுந்து கத்துவதற்குள் அவன் உள்ளே போயிட்டான். அவன் அப்பாவும் சித்தப்பாவும் பேன்ட் சட்டையோடு ஓடினாங்க. "நீச்சல் தெரியுமா?"ன்னு கத்தினேன். ரெண்டு பேருக்கும் தெரியாது. தம்பியும் நானும் ஆளுக்கு ஒருவரைப் பிடித்து நிறுத்தினோம். பெத்தவனைப் பிடித்து நிறுத்துவது எவ்வளவு கஷ்டம்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. என் தோளில் அவர் நகம் பதிஞ்ச தடம் ரெண்டு நாள் இருந்தது.

அப்போதுதான் மேலே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் இறங்கி வந்தார். கையில் துரட்டிக்கோல். ஆட்டுக்குத் தழை இழுக்கும் நீள மூங்கில், நுனியில் கொக்கி. அவர் ஓடவும் இல்லை, குதிக்கவும் இல்லை. பாறையில் குப்புறப் படுத்து, கோலை உள்ளே விட்டுத் துழாவினார். இரண்டாவது தடவை சட்டையில் மாட்டியது. இழுத்தார். தம்பியும் நானும் இடுப்பளவில் நின்று வாங்கினோம்.

11/
பையன் நீலம் பூத்திருந்தான். மூச்சு இல்லை. கூட்டத்தில் ஒருவர் அவன் காலைப் பிடிச்சுத் தலைகீழாத் தூக்கப் போனார். "வயித்த அமுக்குங்க, தண்ணி வெளிய வரட்டும்"னு இன்னொருவர். எல்லாரும் நல்ல மனசோடுதான் சொன்னாங்க.

"யாரும் வயித்துல கை வைக்காதீங்க"ன்னு கத்தினேன். மல்லாக்கப் படுக்க வெச்சேன். கழுத்தில் நாடி மெலிசா இருந்தது. நெற்றியைப் பின்னால் சாய்த்து, மோவாயைத் தூக்கி, மூக்கைப் பிடித்து, வாயோடு வாய் வைத்து ஊதினேன். நெஞ்சு எழும்பியது. இரண்டு, மூன்று, நான்கு. ஐந்தாவது ஊதல் முடிஞ்சதும் உடம்பு குலுங்கியது. இருமினான். வாந்தி எடுத்தான். பக்கவாட்டில் திருப்பினோம். அப்புறம் அழுதான்.

உலகத்தில் எனக்குப் பிடிச்ச சத்தம் அந்த அழுகைதான். பிறந்த குழந்தை அழுதாலும் சரி, இப்படிப் பிழைத்தவன் அழுதாலும் சரி.

12/
அந்த இடத்தில் போன் எடுக்கலை. ரெண்டு வளைவு தாண்டி 108க்குப் பேசி, எங்க வேனிலேயே அவனை ஏற்றி இறங்கினோம். அடிவாரத்தை நெருங்கும்போது ஆம்புலன்ஸ் எதிரே வந்தது. ஆக்சிஜன் கிடைத்தது. ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தார்கள். மூன்றாம் நாள் வீடு போய்ச் சேர்ந்தான்.

நான் பெரிய வீரன்னு சொல்ல இதை எழுதலை. பார்த்தது ஒரு சின்னப் பிள்ளை. இழுத்தது ஒரு ஆடு மேய்க்கும் பெரியவர். நான் செய்தது அஞ்சு ஊதல். அதைக் கத்துக்க எம்.பி.பி.எஸ். தேவையே இல்லை.

13/
இனி நான் சொல்லப் போவது இத்தனை வருஷமா நான் எழுதத் தயங்கிய விஷயம்.

பயிற்சி டாக்டராக இருந்த காலம். ஒரு ராத்திரி ஒன்பது வயசுப் பையனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பாறைக்குழித் தண்ணீரில் விழுந்தவன். ஊரே சேர்ந்து அவனை வெளியே எடுத்திருக்கு. தலைகீழாப் பிடிச்சு ஆட்டியிருக்காங்க. தலைக்கு மேல் தூக்கிச் சுத்தியிருக்காங்க. வயித்தை அமுக்கியிருக்காங்க. முக்கால் மணி நேரம் கழிச்சு எங்க கைக்கு வந்தான். செய்ய வேண்டியதெல்லாம் செய்தோம். வரலை.

வெளியே வந்து சொன்னேன். அவங்க அப்பா என்னைப் பார்த்துக் கேட்டார்: "தண்ணியெல்லாம் வெளிய எடுத்துட்டோமே சார். அப்புறம் ஏன் எந்திரிக்கல?"

14/
அவருக்கு நான் பதில் சொல்லலை. தோளைத் தொட்டுட்டு உள்ளே போயிட்டேன். பதில் எனக்குத் தெரியும். அதை அந்த நேரத்தில் சொன்னால் அவர் வாழ்நாள் முழுக்கச் சுமக்கணும். அதனால் சொல்லலை.

இன்னைக்கு உங்களிடம் சொல்றேன், அந்த ஊரில் இன்னொரு அப்பா அந்தக் கேள்வியைக் கேட்கக் கூடாது என்பதற்காக.

அவனுக்குத் தேவைப்பட்டது தண்ணீர் வெளியே வருவது இல்லை. காற்று உள்ளே போவது. அதை யாருமே கொடுக்கலை. யாருக்கும் யாரும் சொல்லித் தரலை.

15/
கொஞ்சம் மருத்துவம் பேசுவோம்.

மூழ்கும்போது நுரையீரலுக்குள் போகும் தண்ணீர் நாம் நினைப்பதை விடக் குறைவு. அதையும் வயித்தை அமுக்கி வெளியே எடுக்க முடியாது. அமுக்கும்போது வாயில் வருவது வயிற்றில் இருக்கும் தண்ணீரும் சோறும். அதுவே மூச்சுக்குழலில் இறங்கினால் நிலைமை இன்னும் மோசம். நீங்க "தண்ணி வருது, தண்ணி வருது"ன்னு சந்தோஷப்படும் ஒவ்வொரு நொடியும் மூளை காற்று இல்லாமல் தவிக்குது.

காற்று நின்று நாலு முதல் ஆறு நிமிடத்தில் மூளை சேதமாக ஆரம்பிக்கும். மாரடைப்பில் முதலில் நிற்பது இதயம், ரத்தத்தில் கொஞ்ச நேரத்துக்குக் காற்று மிச்சம் இருக்கும். மூழ்கியவருக்கோ முதலில் நிற்பது மூச்சு, அதுக்கு அப்புறம்தான் இதயம். அதனால்தான் இங்கே நெஞ்சை மட்டும் அமுக்கினால் போதாது. முதலில் ஊதணும்.

இப்ப அந்த மலை ரோட்டை நினைச்சுப் பாருங்க. நாலு நிமிடத்தில் எந்த ஆம்புலன்ஸ் ஏறி வரும்? சென்னையிலேயே வராதே. அந்த நாலு நிமிடத்துக்கு டாக்டர் கிடையாது. கரையில் நிற்கும் நீங்கதான் டாக்டர்.

16/
செய்ய வேண்டியது இதுதான். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கங்க.

ஒன்று: கெட்டியான தரையில் மல்லாக்கப் படுக்க வையுங்க. தோளைத் தட்டிக் கூப்பிடுங்க. பதில் இல்லை, மூச்சு இல்லை அல்லது எப்போதாவது ஒரு விக்கல் மாதிரி மூச்சு. அது மூச்சு கணக்கில் வராது. உடனே ஆரம்பிங்க. இன்னொருவர் 108க்கு அழைக்கட்டும்.

இரண்டு: நெற்றியைச் சாய்த்து மோவாயைத் தூக்குங்க. மூக்கைப் பிடிங்க. வாயை முழுசா மூடி, நெஞ்சு எழும்பும் அளவுக்கு ஒரு நொடி ஊதுங்க. இப்படி ஐந்து முறை. சில நாடுகளில் இரண்டு என்று சொல்லித் தருவார்கள். எண்ணிக்கையில் குழம்பாதீங்க. ஊதுங்க, அதுதான் முக்கியம்.

மூன்று: இன்னும் அசைவு இல்லையா? நெஞ்சின் நடுவில் உள்ளங்கையை வைத்து முப்பது முறை வேகமா அமுக்குங்க. நிமிடத்துக்கு நூறு முதல் நூற்றி இருபது என்ற வேகம். பெரியவர்களுக்கு ஐந்து, ஆறு சென்டிமீட்டர் ஆழம். பிள்ளைகளுக்கு நெஞ்சின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு. அப்புறம் ரெண்டு ஊதல். மறுபடி முப்பது, ரெண்டு. ஆள் வரும் வரை நிறுத்தாதீங்க. கை வலித்தால் ஆள் மாத்திக்கங்க.

நான்கு: வாந்தி வரும். நிச்சயம் வரும்னே வெச்சுக்கங்க. பக்கவாட்டில் திருப்பித் துடைத்துவிட்டுத் தொடருங்க. வாயில் நுரை வந்தால் துடைச்சுக்கிட்டே நேரத்தை வீணாக்காதீங்க, அதோடயே ஊதுங்க.

ஐந்து: பிழைத்து எழுந்து உட்கார்ந்து சிரித்தாலும் ஆஸ்பத்திரிக்கு வரணும். சில மணி நேரம் கழிச்சும் நுரையீரல் கெடலாம். ஈரத்துணியை மாத்தி, போர்த்தி, கூட்டி வாங்க.

17/
காப்பாத்தப் போனவரும் சேர்ந்து போகும் செய்தியை நீங்க எத்தனை தடவை படிச்சிருப்பீங்க? அண்ணன் தம்பி, அம்மா மகள், நண்பர்கள் மூணு பேர். மூழ்குகிறவர் கையில் எது கிடைத்தாலும் ஏறி மிதிப்பார். அது அவர் தப்பு இல்லை, அந்த நேரத்தில் உடம்பு அப்படித்தான் வேலை செய்யும். நீச்சல் தெரிந்தவரையே அமுக்கிடும்.

அதனால் குதிக்காதீங்க. முதலில் நீட்டுங்க: கழி, துரட்டி, மரக்கிளை, முறுக்கிய புடவை, வேட்டி. குப்புறப் படுத்துக்கொண்டு நீட்டுங்க, இல்லைன்னா உங்களையே இழுத்துடும். எட்டலையா, எறியுங்க: மூடி இறுக்கின காலி அஞ்சு லிட்டர் கேன் ஒருவரை மிதக்க வைக்கும். அதில் ஒரு கயிறு கட்டியிருந்தால் இன்னும் நல்லது. அன்னைக்கு எங்க வேனில் அப்படி ரெண்டு கேன் காலியாக் கிடந்தது. ஒருத்தருக்கும் ஞாபகம் வரலை, எனக்கும்தான்.

18/
"என் பையனுக்கு நீச்சல் தெரியும் டாக்டர்"ம்பீங்க. நல்லது. ஆனா நீச்சல் குளம் வேற, அணையும் ஓடையும் வேற. அணைக்கரையில் ரெண்டடி எடுத்து வெச்சா முழங்கால், மூணாவது அடியில் ஆளே காணாது. அடியில் சேறு. மழைக்கு அப்புறம் அருவி ஓடையில் வெயில் அடிச்சுக்கிட்டு இருக்கும்போதே மேலே பெய்த மழை வெள்ளமா இறங்கும். கலங்கின தண்ணீரில் பாறை தெரியாது. தலைகுப்புறக் குதிச்சுக் கழுத்தெலும்பு உடைஞ்சு கை கால் செயலிழந்தவர்களை நான் பார்த்திருக்கேன். குடிச்சிட்டுத் தண்ணீரில் இறங்குவதைப் பற்றித் தனியாச் சொல்லணுமா?

19/
இது டூர் போகிறவர்கள் பிரச்சினை மட்டும் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021ல் மட்டும் சுமார் 3 லட்சம் பேர் மூழ்கி இறந்திருக்காங்க. பத்தில் ஒன்பது பேருக்கு மேல் நம்மை மாதிரியான ஏழை, நடுத்தர வருமான நாடுகளில். நம்ம நாட்டில் ஆண்டுக்கு முப்பதாயிரத்துக்கும் மேல். 2021ல்தான் ஐ.நா. சபை ஜூலை 25ஐ மூழ்குதல் தடுப்பு நாளாக அறிவித்தது. நாங்க போனதும் அந்த நாளை ஒட்டித்தான். எனக்கே அப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு.

இதில் ஆபத்து மிக அதிகம் அஞ்சு வயசுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு. அவங்க ஏரிக்குப் போறதில்லை. வீட்டு பக்கெட், தரைத் தொட்டி, கொல்லைக் கிணறு, பண்ணைக்குட்டை, இவைதான் அவங்க ஏரி. தவழும் பிள்ளை பாதி பக்கெட்டில் தலைகுப்புற விழுந்தால் தானா எழ முடியாது, தலைதான் கனம். ராத்திரி படுக்கும் முன் பக்கெட்டைக் கவிழ்த்து வைப்பதும் ஒரு தடுப்பூசிதான்.

வங்கதேசத்தில் இதற்கு எளிமையா ஒரு வழி கண்டார்கள். அம்மா வீட்டு வேலையில் இருக்கும் காலை நேரத்தில்தான் குழந்தைகள் குளத்தில் விழுகிறார்கள் என்று பார்த்து, அந்த நேரத்துக்குக் கிராமத்திலேயே குழந்தைக் காப்பகங்கள் நடத்தினார்கள். சாவு நல்லாவே குறைந்தது. நம்ம அங்கன்வாடியும் சத்தமே இல்லாமல் அந்த வேலையைச் செய்யுது. சத்துமாவுக்கு மட்டும் இல்லை, இதுக்காகவும் பிள்ளையை அனுப்புங்க.

20/
போன ஞாயிறு மறுபடி மலைக்குப் போனேன். அந்தப் பெரியவரைப் பார்த்து ஒரு வேட்டி, துண்டு கொடுத்து நன்றி சொல்லணும்னு. அன்னைக்கு இருந்த பதட்டத்தில் ஒரு வார்த்தை சொல்லாமலே வேன் ஏறிட்டோம்.

அதே பாறை மேல் உட்கார்ந்திருந்தார். பையன் நல்லா இருக்கான்னு சொன்னேன். தலையாட்டினார். துண்டை வாங்கி மடியில் வெச்சுக்கிட்டுக் கொஞ்ச நேரம் தண்ணீரையே பார்த்தார்.

"இதுல இதுக்கு முன்னாடி மூணு பேர இழுத்துப் போட்டிருக்கேன் சார். ஒருத்தரும் எந்திரிக்கல. இவன் ஒருத்தன்தான். நீங்க வாயில ஊதுனீங்களே, அது என்னா? எனக்குச் சொல்லிக் குடுங்க. நாந்தான எப்பவும் இங்க இருக்கேன்."

21/
நான் கொஞ்ச நேரம் பேசலை.

மூணு பேர். உயிரைப் பணயம் வெச்சு வெளியே இழுத்துப் போட்டிருக்கார். அதுக்கு அப்புறம் செய்ய வேண்டிய அஞ்சு ஊதலை அவருக்கு யாரும் சொல்லித் தரலை. நாமெல்லாம் கருத்தரங்கு நடத்தறோம், ஏசி அறையில் பொம்மை வெச்சு நெஞ்சை அமுக்கக் கத்துக்கறோம். தண்ணீரோரம் எப்பவும் இருக்கறவங்க ஆடு மேய்க்கிறவங்க, துணி துவைக்கிறவங்க, மீன் பிடிக்கிறவங்க, பம்பு செட்டில் வேலை செய்யறவங்க. பாடம் அவங்களுக்குத்தான் முதலில் போயிருக்கணும்.

வேனிலிருந்து பாயைச் சுருட்டிக் கொண்டு வந்து துண்டைக் கட்டி ஒரு பொம்மை செய்தேன். அரை மணி நேரம். ரெண்டு பொம்பளைங்களும் மூணு பள்ளிக்கூடப் பசங்களும் வந்து சேர்ந்தாங்க. பெரியவர் முப்பது எண்ணும்போது இருபதுக்கு மேல் குழம்பினார். ஒரு பையன் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணிக் கொடுத்தான். அது போதும். உண்மையில் நடக்கும்போதும் பக்கத்தில் ஒருத்தர் எண்ணுவாங்க.

22/
உங்களிடம் நான் கேட்பது மூணுதான்.

இந்த ஞாயிறு வீட்டில் ஒரு தலையணையை வெச்சு, 16ஆவது பதிவை ஒருத்தர் வாசிக்க, மத்தவங்க செய்து பாருங்க. பாட்டி, தாத்தா, பத்து வயசுக்கு மேல் இருக்கும் பிள்ளைகள் எல்லாரும்.

அடுத்த டூருக்கு வேனில் ஒரு கயிறும் ரெண்டு காலி கேனும் போட்டுக்கங்க.

தண்ணீர் இருக்கும் எந்த இடத்துக்குப் போனாலும், ஒருத்தரைப் பார்த்துக்கிறதுக்குன்னே உட்கார வையுங்க. போன் இல்லாமல். அரை மணிக்கு ஒருத்தர் மாத்தி. எல்லாரும் பார்த்துக்கறோம்னா யாருமே பார்க்கலைன்னு அர்த்தம். நான் பார்த்துக்கொண்டே இருந்தும் பார்க்காதவன், அதனால் சொல்றேன்.

23/
தம்பி குடும்பம் ஊருக்குத் திரும்பிட்டாங்க. போகும் முன் பிள்ளை மறுபடி கேட்டாள், "பெரியப்பா, இப்ப அங்க யாரு பாத்துக்குறாங்க?"

அப்போது பதில் இல்லை. நேற்று போனில் சொன்னேன்: "துரட்டி வெச்சிருந்தாரே, அந்தத் தாத்தா. அவருக்கு இப்ப ஊதவும் தெரியும்."

உங்க ஊர் ஏரிக்கரையில், கிணற்றடியில், குவாரிக் குட்டையோரம் எப்பவும் யார் இருக்காங்கன்னு யோசிங்க. இந்தப் பதிவைப் பகிருங்க, சந்தோஷம். ஆனா அவங்களுக்குப் பதிவு போய்ச் சேராது. நீங்கதான் நேரில் போய்ச் சொல்லித் தரணும்.